மிச்சம் வேண்டாம், பங்கைக் கொடு

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் போன் போகிறது. மீந்த சாம்பார் சாதம் வேனில் ஏறி சேரிக்கு வருகிறது. போட்டோ பிடிக்கிறார்கள். கையோடு 'உணவை வீணாக்காதீர்கள்' என்று நமக்கே பாடம் நடத்துகிறார்கள்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். கணக்கையே பார்ப்போம். 2022இல் வீடும் ஓட்டலும் கடையும் குப்பையில் கொட்டிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அதே வருடம் உலகத்தில் பட்டினி கிடந்தவர்கள் சுமார் 70 கோடி.

கொட்டியது யார்? 'நாம் எல்லாரும்' என்கிறார்கள். யாரய்யா அந்த 'நாம்'? களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டிப் பொறுக்கி, புடைத்து, குத்திக் கஞ்சி காய்ச்சினாளே, அவளும் அதில் சேர்த்தியா?

2001இல் அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம். அதே வருடம் ஒரிசாவின் காசிப்பூரில் மாங்கொட்டைக் கூழ் குடித்து ஆதிவாசிகள் செத்தார்கள். 2010இல், மட்குகிற தானியத்தை ஏழைகளுக்குச் சும்மா கொடு என்றது உச்சநீதிமன்றம். சாத்தியமில்லை என்றார் விவசாய அமைச்சர் சரத் பவார். சும்மா கொடுத்தால் விவசாயிக்கு விளைவிக்கிற ஊக்கம் போய்விடும் என்றார் பிரதமர் மன்மோகன் சிங். ஆக, எலி தின்னலாம், மழையில் நனைந்து முளைக்கலாம். சேரிக்காரன் மட்டும் தின்னக் கூடாது!

அவனுக்கென்று இருக்கவே இருக்கிறது எச்சில். வடக்கே அதற்கு 'ஜூட்டன்' என்று பேர். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார். பந்தியில் விழுந்த எச்சில் இலைதான் அவர் சனங்களுக்குக் கூலி. 1927இல் மகாடில் அம்பேத்கர், ஊரார் வீசும் மிச்சத்தைத் தின்பதை விடுங்கள் என்றார். அன்றைக்கு நம் வயிறு நிறைந்தா இருந்தது? மிச்சத்துக்கு நீண்டு பழகின கை பங்கு கேட்க நீளாது. அதுதான் விசயம்.

'பசிச்சவன் சாப்பிடட்டுமே, அதிலென்ன தப்பு?' என்பார்கள். சாப்பிடட்டும். பசித்தவன் கையை நாம் தட்டிவிட மாட்டோம். ஆனால் அதைத் தீர்வு என்றோ தர்மம் என்றோ சொல்லாதே. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதம் தலைக்கு 5 கிலோ தானியத்தை உரிமை என்கிறது. ரேசன் கடையில் எடை குறையும்போது சண்டைக்கு வராதவர்கள் சாம்பார் வாளியோடு மட்டும் எதற்கு வருகிறீர்கள்?

தோழர்களே, உணவு வீணாவது பற்றி எங்காவது கருத்தரங்கம் போட்டால் போங்கள். எழுந்து நின்று மூணே கேள்வி கேளுங்கள்: கிடங்குச் சாவி யார் இடுப்பில்? முதல் பந்தியில் உக்காந்தது யாரு? எச்சில் இலை எடுத்தது யாரு?