சட்டைப்பையில் ஒழுகும் நஞ்சு

நிமிடத்துக்கு 20 சொட்டு. அதற்கு மேல் விழக் கூடாது. பாட்டிலின் மூக்கு 9 மில்லிமீட்டராவது நீளம் இருக்க வேண்டும். தொட்டியின் வாய்க்குள் நுழையும்படி ஒல்லியாகவும் இருக்க வேண்டும். மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்துக்காக ஐரோப்பிய ஆணையம் 2016-இல் வகுத்த விதி இது. இதற்கு அடிப்படையான புகையிலைப் பொருள் நெறிமுறை 2014-லேயே வந்துவிட்டது. கருவி உடையக் கூடாது, ஒழுகக் கூடாது, நிரப்பும்போது சிந்தவும் கூடாது என்கிறது அதன் 20-ஆவது பிரிவு. சொட்டுகளை எண்ணும் அளவுக்குச் சட்டம் இறங்கி வந்ததற்குக் காரணம், சொட்டுவது நஞ்சு என்பதுதான்.

வேப் எனப்படும் இந்த மின்சிகரெட் புழங்கும் நாடுகளில் ஒழுகலை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சட்டையில் கறை, வீணான காசு, வாயில் ஏறும் கசப்பு என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடையில் கேட்டால், படுக்கப் போட்டிருப்பீர்கள், வேகமாக இழுத்திருப்பீர்கள் என்று பழி, கருவியை வாங்கியவர் தலையிலேயே விழும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி கருவியின் அமைப்பில் இருக்கிறது, அதைச் செய்தவர் பொறுப்பில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பேசாமல் விடுவது தவறு.

முதலில் சொட்டுவது என்னவென்று பார்த்துவிடலாம். புரொப்பிலீன் கிளைக்கால், காய்கறி கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின். ஐரோப்பிய நெறிமுறைப்படி ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் நிக்கோட்டினுக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டி 2 மில்லிலிட்டர், பாட்டில் 10 மில்லிலிட்டர். அப்படியானால் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு முழுப் பாட்டிலில் 200 மில்லிகிராம். கள்ளச் சந்தையில் சுற்றும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பெரிய கருவிகள் பலவற்றில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்று பொருள். அத்தகைய கருவியில் 10 மில்லிலிட்டர் இருந்தால் 500 மில்லிகிராம். வளர்ந்த ஒருவரைக் கொல்ல 60 மில்லிகிராம் போதும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. பெர்ன்ட் மேயர் என்ற ஆஸ்திரிய மருந்தியலாளர் 2014-இல் அதை மறுத்து, உயிர் போக்கும் அளவு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம் என்று காட்டினார். பெரியவர்களுக்கு இது சற்று ஆறுதல். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இல்லை.

நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். புகையிலை விளையும் ஊர்களில் இது புதிய செய்தியல்ல. பனியில் நனைந்த பச்சை இலையைப் பறிப்பவர்களுக்கு வரும் தலைசுற்றல், குமட்டல், வாந்தி ஆகியவற்றை மருத்துவர்கள் பச்சைப் புகையிலை நோய் என்று பதிவு செய்திருக்கிறார்கள். வேப் திரவத்தில் அதே பொருள்தான் வடித்தெடுத்து, மாம்பழ வாசனை கூட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி, அந்நாட்டின் நச்சு உதவி மையங்களுக்கு மின்சிகரெட் தொடர்பாக 2010 செப்டம்பரில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. 2014 பிப்ரவரியில் வந்தவை 215. இந்தக் காலத்தில் வந்த மொத்த அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வந்தவை. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெய்ன் என்ற சிற்றூரில், நிக்கோட்டின் திரவத்தை விழுங்கிய ஒரு வயதுக் குழந்தை இறந்தது. குழந்தைகளால் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்ற சட்டம் அமெரிக்காவில் 2016 ஜனவரியில்தான் கையெழுத்தானது. பாட்டிலுக்கு மூடி வந்துவிட்டது. மேசைமேல் கிடக்கும் கருவியின் அடித்துளைக்கு எந்த மூடியும் இல்லை.

ஏன் ஒழுகுகிறது? வீட்டில் கவிழ்த்து வைக்கும் தண்ணீர் கேனை நினைத்துக்கொண்டால் போதும். குழாயைத் திறக்கும்போது குபுக்கென்று ஒரு காற்றுக் குமிழி மேலே ஏறும், அதற்கு ஈடான தண்ணீர் கீழே இறங்கும், மூடிவிட்டால் நின்றுவிடும். வேப் தொட்டியும் அப்படித்தான். அடியில் சூடாகும் கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சுத் திரி. திரி திரவத்தை உறிஞ்ச உறிஞ்ச, குமிழிகளாகக் காற்று மேலேறுகிறது. திரவத்துக்கு மேலே உள்ள காற்றின் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசமும் பஞ்சின் பிடிப்பும்தான் மிச்சத் திரவத்தைத் தாங்கி நிற்கின்றன. மேல்மூடி சரியாக முறுக்கப்படாவிட்டால், ரப்பர் வாஷர் கிழிந்தால், கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தால், வெளிக்காற்று மேலிருந்து நுழைந்துவிடும். பிறகு திரவத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. திரியைத் தாண்டிக் காற்றுத் துளை வழியே வடியும்.

வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் தொட்டிக் காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும். கெட்டியான கிளிசரினும் இளகி எளிதாக ஓடும். விமானத்தில் இது இன்னும் கூடுதல். பறக்கும்போது பயணிகள் அறையில் இருப்பது ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய காற்றழுத்தம்தான். 8,000 அடிக் கணக்கில் அது தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். அதனால் பாதி நிரம்பிய தொட்டிதான் அதிகம் கக்கும். சட்டப்படி எடுத்துச் செல்லக்கூடிய நாடுகளுக்கிடையே பறப்பவர்கள் ஏறும் முன் தொட்டியைக் காலி செய்துவிடுவதே சரி. கருவியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைப்பதைச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் தடை செய்துவிட்டது.

மற்ற காரணங்கள் கைப்பழக்கம் சார்ந்தவை. நடுக்குழாய்க்குள் திரவம் போகும்படி ஊற்றுவது, விளிம்பு வரை நிரப்புவது, புதுச் சுருள் போட்ட உடனே இழுப்பது, தீய்ந்த சுருளை வாரக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பது. திரவத்தைத் தொட்டியின் சுவரோரமாகச் சாய்த்து ஊற்றி, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும். புதுத் திரி நன்றாக ஊற ஐந்து பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். நீர்த்த திரவத்தை அகலத் துளையுள்ள சுருளில் ஊற்றினால் வெள்ளம்போல் ஏறும். அந்தச் சுருள்களுக்கு எழுபது சதவீதம் கிளிசரின் உள்ள கெட்டித் திரவம்தான் பொருந்தும். மின்திறனை மிகக் குறைத்து வைத்தால் ஆவியாகாத திரவம் சுருளடியில் தேங்கும். இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்டால், நிறுத்தித் திறந்து பார்த்துத் துடைக்க வேண்டிய நேரம் அது. வாய்முனையில் படியும் ஈரம் எல்லாமே ஒழுகலும் அல்ல. ஆவி குளிர்ந்து திரள்வதும் உண்டு. அதைத் துடைத்தாலே போதும். ஆனால் சார்ஜ் துளையில் ஈரம் தெரிந்தால் அந்தக் கருவியை மின்சாரத்தில் செருகவே கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம்.

இவ்வளவையும் ஒருவர் ஒழுங்காகச் செய்ய முடியும், கருவியைத் திறக்க முடிந்தால். ஒருமுறைக் கருவிகளில் அதுவும் இல்லை. திரவத்தில் ஊறிய பஞ்சும் மின்கலமும் இழுப்பதை உணரும் உணரியும் ஒரே குழாய்க்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. வாஷரைப் பார்க்க வழியில்லை, சுருளை மாற்ற வழியில்லை. உணரி நனைந்தால் யாரும் இழுக்காமலே சுருள் சூடாகலாம். திறந்து சரிசெய்ய முடியாத பொருளை விற்றுவிட்டு, ஒழுகினால் வாங்கியவரின் பழக்கத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ‘மெட்டீரியல் ஃபோகஸ்’ என்ற மறுசுழற்சி அமைப்பு 2023-இல் சொன்ன கணக்குப்படி, பிரிட்டனில் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஒருமுறை வேப்கள் எறியப்பட்டன. 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையை அந்நாடு நிறுத்திவிட்டது. பெரும்பாலும் குப்பையையும் சிறுவர் பழக்கத்தையும் காரணம் காட்டி வந்த தடை அது. ஒழுகலும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கசிவும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்றாடம் வேப் புகைக்கும் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்தபோது மிகக் குறைவாக இருந்த ஈயம், குரோமியம், நிக்கல் ஆகியவை, கருவிக்குள் போய்ச் சுருளைத் தொட்ட பின் அதிகரித்திருந்தன. ஆவியில் இருந்த ஈயத்தின் இடைநிலை அளவு பாட்டில் திரவத்தில் இருந்ததைப்போல் 25 மடங்குக்கும் மேல். வாஷர் மாற்றி இதைத் தடுக்க முடியாது.

இந்தியாவில் இந்தக் கருவிகள் இருக்கவே கூடாது. தமிழ்நாடு 2018-லேயே தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்து, அந்த டிசம்பரில் முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லண்டனில் கடையில் வாங்கியது என்று சொல்லிச் சென்னையில் கொண்டுவந்து இறங்க முடியாது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தத் தடையோடு இக்கட்டுரைக்குப் பிணக்கில்லை. ஆனால் தடை வந்த பிறகும் பொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. விமான நிலையச் சுங்கப் பறிமுதல்களே சாட்சி. கடத்தி வருவதற்கு 20 சொட்டு விதி கிடையாது, 2 மில்லிலிட்டர் வரம்பு கிடையாது, திரும்பிப் போய்க் கேட்கக் கடையும் கிடையாது. ஒழுகும் வாய்ப்பும் நிக்கோட்டின் அளவும் கூடுதலாக உள்ள சரக்குதான் ஒரு பள்ளி மாணவனின் பையில் பேனா வடிவில் கிடக்கிறது. தடை செய்தாகிவிட்டது என்பதால் அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதும் இல்லை.

பெற்றோருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தையின் கையிலோ உடையிலோ இந்தத் திரவம் பட்டிருந்தால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் விட்டு அலச வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி, வெளிறிய முகம், எச்சில் வடிதல், வியர்வை, வேகமான நாடித் துடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். பிறகு வலிப்பும் வரலாம். வீட்டில் திட்டுக்குப் பயந்து பிள்ளை மறைத்தால் மருத்துவருக்கு நேரம் போய்விடும். ஆகவே கேட்கும் விதத்திலேயே பிள்ளைக்குப் பயம் தெளிய வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பறிமுதல் செய்த வேப்களை ஆசிரியர் மேசை இழுப்பறையில் சேர்த்து வைப்பது ஆபத்து. ஒழுகும் திரவமும் லித்தியம் மின்கலங்களும் ஒரே பெட்டியில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கையுறையோடு எடுத்து, தனித்தனி உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். இதைச் சொல்லும் ஒரு பக்கச் சுற்றறிக்கையைப் பள்ளிக் கல்வித் துறை எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் அனுப்பலாம். சுங்கத் துறையும் பறிமுதல் சரக்கை நசுக்கவோ கொளுத்தவோ செய்யாமல், மின்கலத்தையும் திரவத்தையும் பிரித்து அழிக்கும் முறையை எழுதி வெளியிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நிக்கோட்டின் நச்சுக்கான சிகிச்சைக் குறிப்பு சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டுக்குள் செய்துவிடலாம்.