மறுப்பவன் எங்கே?

கீழூரிலே, 1954 அக்டோபர் 18-ஆம் நாள், 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணையவேண்டும் என்றனர், எண்மர் மறுத்தனர். வாளுக்கு அங்கே வேலையில்லை. வாதுக்கும் வாக்குக்குமே வேலை! அந்தப் புதுவையிலே, தோழர்களே, நம் வீட்டுச் சிறுவன் எழுதும் விண்ணப்பம் எப்படி இருக்கிறது?

2020-இல் கொள்ளைநோய் பள்ளிகளைப் பூட்டிற்று. பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. 'தெருவிளக்கு வேண்டி நகராட்சிக்கு விண்ணப்பம்.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திரையைப் பார்த்துப் படியெடுத்தான். படம் பிடித்து அனுப்பினான். 'நன்று' என்று பெற்றான். எந்தத் தெரு? இருளில் இடறி விழுந்தவர் யார்? அதிலே இல்லை!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். இலக்கணம் போதிக்க வரவில்லை. நாடகம் எழுதுபவன் அறிந்தது ஒன்றுண்டு: எதிரே மறுப்பவன் நின்றால்தான் வசனத்துக்கு உயிர். திரைவழிப் பாடத்திலும் அவனை அமர்த்துங்கள். ஒருத்தி விளக்குக் கேட்டு எழுதட்டும். மற்றொருத்தி ஆணையராகி, 'நிதியில்லை' என விடை விடுக்கட்டும். முன்னவள் மீண்டும் எழுதுவாள், இம்முறை தெருவின் பெயரோடு, விழுந்த பாட்டியின் கால்முறிவோடு, கம்பம் நடவேண்டிய இடத்தோடு!

கைப்பேசியற்ற குடிசைப் பிள்ளைக்கு? நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? மாலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேசையின் ஒரு பக்கத்தை அவனுக்கு விடுங்கள். ஆணையராக நீங்களே அமருங்கள், எளிதில் இணங்கிவிடாதீர்கள்!