அறுபத்து நான்காயிரம் பேர் போதாதா?

சென்ற மாதம் எங்கள் துறையிலிருந்து அனுப்பிய ஆய்வு முன்மொழிவு ஒன்று திரும்பி வந்தது. இலட்சத்தீவு மக்களிடையே வாய்ப்புற்றுநோய் எந்த நிலையில் கண்டறியப்படுகிறது, நோயாளர் கரைக்கு வந்து சிகிச்சை தொடங்க எத்தனை நாளாகிறது என்பவற்றை ஆராய்வதே அதன் நோக்கம். நிதி வழங்கும் அமைப்பின் பெயர் இங்கு வேண்டாம். மதிப்பீட்டாளர் குறிப்பு இரண்டே வரி: மக்கள்தொகை மிகச் சிறியது; முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது. நல்கை மறுக்கப்படுவது ஆய்வு மாணவனுக்குப் பழகிய வருத்தம்தான். நான் எழுத முற்பட்டது அந்த இரண்டு வரிகளைப் பற்றி.

2011 கணக்கெடுப்பின்படி இலட்சத்தீவில் வாழ்வோர் 64,473 பேர். பத்துத் தீவுகளில் பரவி வாழ்கின்றனர். இந்தியாவில் ஆண்டுதோறும் இலட்சத்திற்கு ஏறத்தாழ 100 பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2022ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீடு. அதே வீதம் அங்கும் பொருந்துவதாகக் கொண்டால் ஆண்டுக்குச் சற்றொப்ப 65 நோயாளர். உறுப்புவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்தால் பெரும்பாலும் ஒற்றை இலக்கமே மிஞ்சும். ஓராண்டில் இருவர் கூடினாலும் குறைந்தாலும் வீதம் துள்ளிவிடும். மதிப்பீட்டாளர் அஞ்சுவது இதையே. அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பல ஆண்டுகளின் தரவைச் சேர்த்து நோக்குவது, அண்டைப் பகுதிகளின் தரவைத் துணைகொண்டு வீதத்தைச் சீர்செய்வது போன்ற வழிகள் புள்ளியியலில் நெடுங்காலமாக உள்ளன. அதைவிட முக்கியமானது ஒன்று: ஒவ்வொரு நோயாளரையும் பெயர் சொல்லித் தேடிச் சென்று பதிவு செய்ய இயலும் இடம் தீவு. அங்கு நாம் எடுப்பது மாதிரியன்று, முழுத்தொகை. முழுத்தொகையை ஆராயப் புறப்பட்டவனிடம் மாதிரி சிறிது என்று குறை கூறுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொதுமைப்படுத்தலைப் பற்றி வடகிழக்கு நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். தேசியத் திட்டத்தின்கீழ் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் 1980களின் தொடக்கத்தில் பெங்களூரு, சென்னை, மும்பை ஆகிய பெருநகரங்களில் தொடங்கின. மிசோரமுக்குப் பதிவேடு வந்தது 2003இல். அம்மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 இலட்சமே. 2020இல் வெளியான தேசிய அறிக்கையில் ஆண்களிடையே மிக உயர்ந்த வீதம் ஐசால் மாவட்டத்தினுடையது: வயதுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட கணக்கில் இலட்சத்திற்கு 269.4. பெண்களிடையே அருணாசலப் பிரதேசத்தின் பாப்பும் பாரே, 219.8. பதிவேடு செல்லும் வரை இவ்விரண்டும் நம் வரைபடத்தில் வெற்றிடங்கள். அதே அறிக்கை 28 பதிவேடுகளின் தரவைக் கொண்டது. அவற்றுள் இலட்சத்தீவும் இல்லை, அந்தமான் நிக்கோபாரும் இல்லை. (மும்பையும் ஒரு காலத்தில் தீவுகள்தாமே என்று யாரேனும் வாதிட்டால் ஒன்று என்று திருத்திக்கொள்கிறேன்.)

தீவினர் கணக்கிலிருந்து நழுவும் விதம் ஒன்று உண்டு. பதிவேட்டு எல்லைக்குள் ஓராண்டேனும் வசித்தவரே அந்தப் பதிவேட்டில் நோயாளராக எண்ணப்படுவார். கவரத்தியிலிருந்தோ மினிக்காயிலிருந்தோ கொச்சிக்கு வந்து சிகிச்சை பெறுபவர் கேரளத்தில் வசிப்பவரல்லர். எனவே அங்குள்ள மக்கள்தொகைப் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. அவருடைய சொந்தத் தீவிலோ பதிவேடே இல்லை. உறவினர் வீட்டு முகவரியைத் தந்துவிட்டால், அவர் கேரளத்தவராக எண்ணப்படவும் கூடும். இரு வழியிலும் தீவின் வீதம் குறைந்தே தோன்றும். பிறகு, நோய் குறைவு என்பதால் நிதி வேண்டாம் என்று அடுத்த மதிப்பீட்டாளர் எழுத அதுவே சான்றாகிவிடும்.

வேறு வழி உண்டு என்பதற்குப் பசிபிக்கைச் சொல்ல வேண்டும். குவாம் தீவின் மக்கள்தொகை 2020இல் 1,53,836. உயர் சிகிச்சைக்காகப் பலர் செல்லும் ஹொனலுலு ஏறத்தாழ 6,100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குவாம் பல்கலைக்கழகத்தையும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையத்தையும் இணைத்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003 முதல் கூட்டு நல்கை வழங்கி வந்தது. பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்திடமிருந்து உமிழ்நீரும் இரத்தமும் வாங்கிச் செல்லும் ஏற்பாடாக அது நின்றுவிடவில்லை. தீவிலேயே ஆய்வாளர்களை வளர்ப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன் பயனைப் பாக்கு ஆய்வில் காணலாம். பாக்கு, புகையிலை சேராவிடினும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. ஆயினும் 'பாக்கு மெல்லுவோர்' என்ற ஒற்றைச் சொல் குவாமில் போதவில்லை. சமோரோ மக்கள் பெரும்பாலும் முற்றிய பாக்கை, புகையிலையின்றி மென்று விழுங்குகின்றனர். மைக்ரோனேசியாவின் பிற தீவுகளிலிருந்து வந்தோரிடையே இளம்பாக்குடன் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மென்று துப்பும் வழக்கமே மிகுதி. வெற்றிலைச் செல்லம் வைத்திருந்த பாட்டியுள்ள எந்த வீட்டிலும் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். தொலைவிலிருந்து வினாப்படிவம் அனுப்புபவருக்கு இது விளங்க வாய்ப்பில்லை. இந்த அறிவின்மேல்தான் குவாமிலும் சைபனிலும் பாக்குப் பழக்கத்தை விடச்செய்யும் சீரற்றமயக் கட்டுப்பாட்டுச் சோதனை எழுந்தது. சைபன் அமைந்துள்ள வட மரியானா தீவுகளின் மொத்த மக்கள்தொகை 47,329, அதாவது இலட்சத்தீவைவிடக் குறைவு. நிக்கோபார் மக்களிடையே பாக்கு மெல்லும் வழக்கம் நெடுநாளையது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன்.

அமெரிக்காவைப் புகழ்வது என் நோக்கமன்று. அதே நாடு 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. 1954 மார்ச் 1 அன்று நடந்த பிராவோ வெடிப்பின் கதிர்வீச்சுத் தூசி ரோங்கெலாப் மக்கள்மீது படிந்தது. அவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 1957இல் அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினர். 1985இல் அம்மக்கள் தாமாகவே தீவைவிட்டு வெளியேறினர். ஆராயப்பட்டோம், ஆனால் பேணப்படவில்லை என்ற கசப்பு அங்கு தலைமுறைகளாக உள்ளது. எனவே தீவு ஆய்வுக்கான நல்கையில், முதல் ஓராண்டேனும் மக்களோடு பேசுவதற்கு மட்டுமே ஒதுக்கப்பட வேண்டும் என்பேன். நம் வரவுசெலவுப் படிவங்களில் அதற்கொரு தலைப்பே கிடையாது. படகுக் கட்டணத்துக்கும் இல்லை. 'உள்ளூர்ப் பயணம்' என்று எழுதித் தணிக்கையில் மாட்டிக்கொண்ட தோழி ஒருவர் எனக்கு உண்டு.

தலைக்கு இத்தனை ரூபாயா என்ற கேள்வி வரும். அதே தொகையில் ஒரு பெருநகரில் பத்து மடங்கு பேரை ஆராயலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கு ஆராய்ச்சி ஏற்கெனவே நடக்கிறது. பதிவேடும் மருத்துவக் கல்லூரியும் அறுவை மருத்துவரும் அங்கு உள்ளனர். செலவு குறைவான இடத்திலேயே தொடர்ந்து ஆராய்ந்தால் ஏற்றத்தாழ்வு எங்கே என்ற வினாவுக்கு விடை எப்போதும் பெருநகரிலேயே கிடைக்கும். ஒரே புரவலரை நம்புவதில் ஆபத்து உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 2025இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான நல்கைகளை நடுவழியில் நிறுத்தின. நலச் சமத்துவம் சார்ந்த ஆய்வுகள் பல அவற்றுள் அடங்கும். ஐந்தாண்டு நல்கைகளைச் சங்கிலியாகக் கோத்து வளர்த்த எந்தப் பணியும் அப்படி அறுபடலாம். ஆகவே நான் கேட்பது தனி ஆய்வுத் திட்டங்களை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்குப் போர்ட் பிளேரில் 1983 முதல் மண்டல மையம் இருக்கிறது. அதனைத் தளமாகக் கொண்டு அந்தமான் நிக்கோபாருக்கும், கேரளப் பதிவேடுகளோடு இணைத்து இலட்சத்தீவுக்கும் நிலையான பதிவேடுகள் வேண்டும். அவற்றின் ஊழியர் ஊதியம் நல்கையிலிருந்து அன்றி, ஆண்டு வரவுசெலவிலிருந்து வர வேண்டும்.

எங்கள் முன்மொழிவைத் திருத்தி மீண்டும் அனுப்பவிருக்கிறோம். கொச்சி, கோழிக்கோடு மருத்துவமனைகளின் நோயாளர் பதிவுகளில் நிலையான முகவரி, தற்காலிக முகவரி இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்பதை நேரில் கையாண்டு அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும். மலையாளத்தில் எழுதினாலும் சரி. படிக்க ஆள் இருக்கிறார்.