கியரை மாற்றினால் ‘பவர்’ கூடுமா?

பின்னச்சு கியரை மாற்றினால் காரின் பவர் கூடிவிடும் என்று வாகனப் பிரியர்கள் பலர் நம்புகிறார்கள். மோட்டார் சைக்கிளில் பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றத் துடிக்கும் நம் மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பட்டறைக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஓர் உண்மையான காரையே எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்தாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு கியர் கொண்ட மேனுவல் வாகனம். இதன் பின்னச்சு விகிதம் வழக்கமாக 3.31. அதாவது, கியர்பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டு 3.31 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இதை 3.73 ஆக மாற்றுவோர் உண்டு. 11 பற்கள் கொண்ட சிறிய பினியன், 41 பற்கள் கொண்ட பெரிய ரிங் கியரைச் சுழற்றினால் கிடைப்பது இந்த விகிதம்.

3.73ஐ 3.31ஆல் வகுத்தால் 1.13 வரும். ஆகவே, ஒரே கியரில், எஞ்சின் ஒரே வேகத்தில் சுழலும்போது, சக்கரத்தின் முறுக்கு விசை 13 விழுக்காடு கூடுகிறது. நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான் இது. விசையில் பெற்றதை வேகத்தில் இழக்கிறோம். எஞ்சின் தரும் திறன் மாறவே இல்லை.

இழப்பு எங்கே தெரிகிறது? எஞ்சின் நிமிடத்திற்கு 6,500 சுற்றுகளை எட்டியதும் கியர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். முதல் கியர் விகிதம் 3.66, இரண்டாவது 2.43. பழைய பின்னச்சில் முதல் கியர் மணிக்கு 69 கிலோமீட்டர் வரை இழுக்கும். புதியதில் 61 வரைதான். எனவே 65 கிலோமீட்டர் வேகத்தில் பழைய கார் இன்னும் முதல் கியரில் இருக்கிறது. அதன் மொத்தப் பெருக்கம் 3.66 × 3.31, அதாவது 12.1. ‘மேம்படுத்திய’ காரோ இரண்டாவது கியருக்குப் போய்விட்டது. அதன் பெருக்கம் 2.43 × 3.73, அதாவது 9.1 மட்டுமே. அந்த நொடியில் பழைய கார்தான் வலுவாக இழுக்கிறது!

இரண்டாவது கியரில் பழைய கார் 104 கிலோமீட்டர் வரை போகும். புதியது ஏறத்தாழ 92 வரை. ஆக, 100ஐ எட்டுவதற்குள் கிளட்சை இன்னொரு முறை மிதிக்க வேண்டும். முதல் கியரில் கிடைக்கும் கூடுதல் விசையையும் டயரின் உராய்வு தாங்காவிட்டால், சக்கரம் வழுக்கிச் சுழலுமே தவிர கார் விரையாது.

அப்படியென்றால் கியரை மாற்றுவதே வீணா? இல்லை. வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தில், எந்த வேகத்தில் எந்தக் கியர் தேவை என்று அறிந்தவருக்கு அது பயன்படும். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் வேறு கணக்கைப் பார்க்க வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில், 0.65 விகிதமுள்ள ஆறாவது கியரில், எஞ்சின் 1,835 சுற்றுகளுக்குப் பதில் 2,067 சுற்றுகள் சுழலும். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். வேகத்தைக் கியர்பெட்டியின் வெளித்தண்டில் அளக்கும் கார்களில், திருத்தி அமைக்கும்வரை வேகமானி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். வேலையும் எளிதன்று. இரு கியர்களின் பற்களுக்கிடையே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அது தவறினால் பின்னச்சு ஊளையிடும், பற்களும் தேயும்.

மாணவர்களே, ‘விசை’ வேறு, ‘திறன்’ வேறு. தேர்வில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும். பட்டறையில் குழப்பினால் பெற்றோரின் பணம் போகும். உங்கள் சைக்கிளின் முன், பின் பற்சக்கரங்களில் எத்தனை பற்கள் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். யாராவது ‘பவர் கூடும்’ என்று சொன்னால், எந்தக் கியரில், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பதில் எண்ணாக வராவிட்டால், பணப்பையைத் திறக்காதீர்கள்.