தர்ம ஆஸ்பத்திரியும் தலைவிதியும்



சர்க்கார் வைத்தியசாலைக்கு நமது ஜனங்கள் இட்டு வழங்கும் பெயர் ‘தர்ம ஆஸ்பத்திரி’ என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்தப் பெயரில் உள்ள மோசத்தை முதலில் கவனிக்க வேண்டும். தர்மம் என்று சொல்லிவிட்டால் கொடுப்பவன் ஒருவன், கையேந்துபவன் ஒருவன் என்று ஏற்பட்டுவிடுகின்றது. கையேந்துபவன் கேள்வி கேட்கலாமா? தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு பழமொழியே வைத்திருக்கின்றோம். ஆனால் அந்தக் கட்டிடத்துச் செங்கல்லும், டாக்டர் சம்பளமும், ஊசி மருந்தும், கட்டுத் துணியும் யார் வீட்டுப் பணம்? சோப்புக்கட்டி வாங்குகின்ற கூலிக்காரி முதல் ஒவ்வொருவரும் கொடுக்கின்ற வரிப் பணமல்லவா? தன் பணத்தில் நடக்கின்ற காரியத்தைத் தனக்கு யாரோ போடும் பிச்சை என்று எண்ணிக் கும்பிடுகின்ற ஜனங்கள் இருக்கும்வரை, அந்த மாட்டின் பல்லை யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்தத் தர்மத்துக்குத் துணையாக இன்னொரு வார்த்தையும் இருக்கின்றது. அதுதான் விதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும், காது புளிக்கும்படி கேட்கலாம். “ஆயுசு அவ்வளவுதான்,” “எழுதினவன் எழுதினபடி,” “மேலே இருக்கிறவன் விட்ட வழி.” செத்தவனைச் சேர்ந்தவர்களும் இதைச் சொல்லுகின்றார்கள், வைத்தியம் பார்த்தவர்களும் சொல்லுகின்றார்கள். இரண்டு கட்சிக்கும் சம்மதமான ஒரு தீர்ப்பு கிடைத்தபின் விசாரணை எதற்கு?

நமக்கு நேர்ந்த ஒன்றையே சொல்லுகின்றோம். பல வருஷங்களுக்கு முன் நமது தமக்கையை இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை நல்லபடியாய்ப் பிறந்தது. பதினொரு மணிக்கெல்லாம் போட்ட துணி போட்டபடி இரத்தத்தில் நனையத் தொடங்கிற்று. நமது தாயார் ஓடி நர்சம்மாளைக் கூப்பிட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட கட்டில்களுக்கு அன்றிரவு இருந்தது அந்த ஒரு அம்மாள்தான். அவர் வந்து பார்த்தார், முகம் மாறிற்று, டெலிபோன் இருக்கும் அறைவரையில் போனார், திரும்பி வந்துவிட்டார். “பெரிய டாக்டர் தூங்கியிருப்பார், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் அம்மா” என்றார். அதற்கு முந்தின வாரந்தான், ஒன்றுமில்லாததற்கு எழுப்பினாய் என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியிருந்தார் என்பது பின்னால் தெரிய வந்தது. டாக்டர் வந்தபோது மணி இரண்டு. இரத்தம் ஜில்லாத் தலைநகரிலிருந்து வர வேண்டும். விடியும் சமயத்துக்கு அது வந்தது. தமக்கை அதற்குள் போய்விட்டார். “எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், விதி” என்று டாக்டர் சொன்னார். நமது தாயார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாமும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை எழுத நமக்கு இன்றும் வெட்கமாகவே இருக்கின்றது.

விதி என்பது உண்மையானால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாக அல்லவா இருக்க வேண்டும்? ஒரே ஆஸ்பத்திரியில் கிழக்கு வார்டில் ஒரு விதி, மேற்கு வார்டில் ஒரு விதி என்று இருக்குமா? இருந்தது. ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரத்தில், ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்த்துவந்த பெரிய பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இன்றைக்கு வந்தவள் இங்கே, நாளைக்கு வந்தவள் அங்கே என்று நாள்முறை வைத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1841 முதல் 1846 வரையில் முதல் பகுதியில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார் மாண்டார்கள். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. முதல் பகுதியில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் முழங்காலிட்டு அழுதார்கள். படித்தவர்கள் காற்றுக் கெட்டது என்றார்கள், பருவ மாறுதல் என்றார்கள். காற்றும் பருவமும் இரண்டு பகுதிக்கும் ஒன்றுதானே என்பதை யோசிக்க ஆள் இல்லை.

அங்கே வேலைக்கு வந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஒரு வாலிப டாக்டர் மட்டும் வித்தியாசம் எங்கே என்று தேடினார். அவர் தேடாத இடமில்லை. சாகப்போகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், முதல் பகுதியில் மட்டும் மணி அடித்துக்கொண்டு வார்டுகளின் வழியாகப் போகவேண்டியிருந்தது. அந்த மணிச் சத்தத்தின் பயமே கொல்லுகின்றதோ என்றுகூட அவர் சந்தேகித்தார். பாதிரியாரைச் சுற்றுவழியாக, மணி அடிக்காமல் வரும்படி செய்து பார்த்தார். சாவு குறையவில்லை. (சந்தேகம் தப்பாய்ப் போனதில் அவமானமில்லை. சோதித்துப் பார்த்தாரே, அதுதான் விசேஷம்.) 1847 மார்ச்சில் அவருடைய சிநேகிதரான கொல்லெட்ச்கா என்ற ஆசிரியர், பிணத்தை அறுக்கும்போது மாணவன் கத்தி விரலில் பட்டுச் செத்துப்போனார். அவர் உடம்பில் கண்டது பிரசவத்தில் மாண்ட பெண்களின் உடம்பில் கண்டதைப் போலவே இருந்தது. உடனே விஷயம் விளங்கிவிட்டது. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேராக அதே கையோடு பிரசவ அறைக்கு வருகின்றார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அந்த மே மாதம் முதல் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். 1848-இல் முதல் பகுதிச் சாவு நூற்றுக்கு ஒன்றேகால் அளவுக்கு இறங்கி, இரண்டாம் பகுதியோடு சமமாய் நின்றது. பிரம்மா எழுதிய எழுத்தை ஒரு வாளித் தண்ணீர் அழித்துவிட்டது!

இதற்காக அவரைக் கொண்டாடினார்களா? இல்லை. பெரிய டாக்டர்களில் அநேகர் கோபித்துக்கொண்டார்கள். எங்கள் கையா கொன்றது என்பதே கோபம். இதே ஜுரத்தைப்பற்றி அமெரிக்காவில் தகராறு நடந்தபோது, பிலடெல்பியாவின் பிரசவ வைத்தியப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ் என்பவர், கனவான்களின் கை சுத்தமானது என்றும், இந்தச் சாவுகளைத் தற்செயல் என்றோ தெய்வச் செயல் என்றோ சொல்லுவதே மேல் என்றும் எழுதினார். பார்த்தீர்களா! பிறவியினால் சிலர் கை சுத்தம், சிலர் கை தீட்டு என்கின்ற சரக்கு நமது நாட்டில் மட்டும் விளைவதல்ல. மேலோன் கையில் அழுக்கு இராது என்று எங்கே நம்புகின்றார்களோ, அங்கேயெல்லாம் சாகிறவனுடைய விதியின் மேல்தான் பழி. செம்மல்வைஸ் 1850-இல் வியன்னாவை விட்டுப் போனார். 1865-இல் பைத்தியக்கார விடுதியில் மாண்டார்.

நிற்க, இதெல்லாம் பழைய கதை, இன்று சீமையில் விதி என்று யார் சொல்லுகின்றார்கள் என்று கேட்கலாம். சீமையில் வேறு சாமி இருக்கின்றது. இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-ந் தேதி முதல் பொதுப் பணத்தில் சகலருக்கும் வைத்தியம் செய்யும் ஸ்தாபனம் நடந்துவருகின்றது. அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். அப்படிப்பட்ட தேசத்திலேயே ஸ்டாபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரையில் நடந்ததை விசாரணைக் கமிட்டி வெளிப்படுத்திற்று. கிழவர்கள் நனைந்த படுக்கையிலேயே கிடந்தார்கள். தண்ணீர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவசரமாக வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதை வாசலில் பெயர் எழுதும் குமாஸ்தாக்களே முடிவு செய்தார்கள். காரணம்? செலவைக் குறைத்து, ஆளைக் குறைத்து, மேல்தரமான ஆஸ்பத்திரி என்ற பட்டம் வாங்க வேண்டும் என்கின்ற ஆசை. சாவு அதிகம் என்று கணக்கு காட்டியபோது, கணக்கு எழுதினதில் பிழை என்றார்கள் நிர்வாகிகள்! 2008-இல் பட்டமும் கிடைத்துவிட்டது. தாய் தந்தையரைப் பறிகொடுத்த சாதாரண ஜனங்கள் கூட்டம் சேர்ந்து, படங்களை ஏந்தி விடாமல் கேட்டதனால்தான் விசாரணை வந்தது. 2013 ரிப்போர்ட்டில் 290 சிபார்சுகள். அதன் பலனாக 2014 நவம்பர் முதல், சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளிக்குக் கெடுதி விளைந்தால் அதை ஆஸ்பத்திரியே வெளிப்படையாய்ச் சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கின்றது. நமது ஊரில் டாக்டர் ‘நாங்கள் தவறு செய்துவிட்டோம்’ என்று சொன்னதை எந்தத் தோழராவது கேட்டிருக்கின்றீர்களா?

சொல்லமாட்டார். ஏனெனில் அவரை நாம் மனிதராக வைத்திருக்கவில்லை, கடவுளுக்கு அடுத்தபடியாய் உட்கார வைத்திருக்கின்றோம். கடவுள் தவறு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளுமா? அன்றியும், அவருக்குக் கீழே படிப்படியாய் ஒரு வர்ணாசிரமமே கட்டியிருக்கின்றது. பெரிய டாக்டர், சின்ன டாக்டர், நர்ஸ், ஆயா, தோட்டி. கீழ்ப்படியில் இருப்பவர் கண்ணால் கண்டதை மேல்படிக்குச் சொல்ல வாயில்லை. நமது தமக்கையைக் கொன்றது இரத்தப் போக்கு மாத்திரமல்ல, அந்த நர்சம்மாளின் பயமும் சேர்ந்துதான் கொன்றது. அந்தப் பயத்தை உண்டாக்கினவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாளைத் தண்டித்தால் என்ன லாபம்? அடுத்த நர்சு இன்னும் அதிகமாய்ப் பயப்படுவார், நடந்ததை மறைக்கவும் கற்றுக்கொள்வார்.

இந்தப் பயத்தை ஒரு சீட்டுக் காகிதம் கொஞ்சம் உடைத்திருக்கின்றது. ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் இன்னார்தானா நோயாளி, அறுக்க வேண்டியது வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உள்ளே வைத்த பஞ்சும் துணியும் எண்ணிக்கை சரியா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுக்கொள்ளுவதற்கு 19 கேள்விகள் கொண்ட சீட்டு ஒன்றை உலக சுகாதார ஸ்தாபனம் 2008-இல் வெளியிட்டது. அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பெயர் சொன்னவருக்கு வாய் திறக்கிறது! புது டில்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்ததில், ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 15 பேர் செத்த இடத்தில் 8 பேராகக் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். ஆனால் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே மாதிரிச் சீட்டைக் கொண்டுவந்து பார்த்தபோது சாவில் சொல்லத்தக்க குறைவு இல்லை என்று 2014-இல் கண்டார்கள். இதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். அர்த்தம் தெரியாமல் புரோகிதன் முணுமுணுக்கிற மந்திரத்தைப்போல், கேட்காமலேயே எல்லாக் கட்டத்திலும் டிக்குப் போட்டுக் கையெழுத்து வாங்கினால் காகிதம் யாரைக் காப்பாற்றும்? மந்திரத்துக்குச் சக்தி இல்லை என்றால் சீட்டுக்கும் இல்லைதான். கேள்விக்குத்தான் சக்தி.

நமது ஜனங்களுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலித்துக்கொள்ளும் தோழர்களுக்கு நமது மாகாணத்துக் கணக்கையே காட்டுகின்றோம். தமிழ்நாட்டில் 2001–03-இல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் 134 பேர் மாண்டார்கள். 2018–20-இல் 54 பேர். பிரம்மா தன் எழுத்தைத் திருத்திக்கொண்டானா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் இருக்கும்படி நர்சுகளைப் போட்டார்கள். 2008 முதல் 108 வண்டி வந்தது. இவற்றோடு, பிரசவத்தில் ஒரு தாய் செத்தால் அதை உடனே மேலே தெரிவித்து, வீட்டுக்கே போய் நடந்ததைக் கேட்டு, எங்கே தாமதம் என்று ஆராய வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. புறப்பட்டதில் தாமதமா, வண்டியில் தாமதமா, ஆஸ்பத்திரி வாசலுக்குள் வந்த பிறகு தாமதமா? கலெக்டர் நடத்தும் விசாரணைக்குச் செத்தவளின் உறவினரையும் கூப்பிட வேண்டும் என்பது முறை. குறைவு முழுவதும் இந்த ஒன்றினால்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விதி என்று கும்பிட்டு நின்றிருந்தால் வண்டியும் வந்திராது, நர்சும் வந்திராது என்பது நிச்சயம். அந்த 54-ம் நமது பெண்கள்தான்.

விதி என்று போகிறவர்கள் ஒரு வகை. ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்து, கையில் அகப்பட்ட டாக்டரை அடிக்கிறவர்கள் இன்னொரு வகை. இருவரும் நமக்கு ஒன்றுதான். முன்னவர் கேட்பதே இல்லை, பின்னவர் பதில் வருவதற்குள் அடித்துவிடுகின்றார். முப்பது கட்டிலுக்கு ஒரு நர்சை வைத்த அதிகாரி மேல் அடி விழுவதில்லை. இரவு முழுவதும் தூங்காமல் நின்ற பயிற்சி டாக்டர்மேல்தான் விழுகின்றது.

ஆகவே தோழர்கள் உடனே ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி, உங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். போன வருஷம் பிரசவம் எத்தனை, தாய் இறந்தது எத்தனை, ஒவ்வொன்றுக்கும் விசாரணை எந்தத் தேதியில் நடந்தது, உறவினருக்குத் தகவல் கொடுத்தார்களா, இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை கட்டில், இரத்தம் எங்கிருந்து எத்தனை நேரத்தில் வரும். இவ்வளவு போதும். மரியாதையாகவே எழுதுங்கள், ‘தயவு செய்து பிச்சையிட வேண்டும்’ என்கின்ற பாவனையில் எழுதாதீர்கள். பதில் வந்தால் அதையும், 30 நாள் ஆகியும் வரவில்லையானால் வரவில்லை என்பதையும் தாலூகா பெயரோடு நமக்கு அனுப்புங்கள். இறந்தவர்களுடைய பெயரை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வெளியிடுவோம்.