சாம்பலும் அலுமினியமும்

கோலியனூர்க் கூட்டுச் சாலையினின்று தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி பண்ருட்டியைக் கடந்து நெய்வேலியை அடைகின்றது. ஆண்டுப் பழுப்பு நிலக்கரியை எரித்து 1962ஆம் ஆண்டு முதல் மின்னாற்றல் எடுத்து வருகின்றனர். எரிந்த கரியின் எச்சமாகிய சாம்பலை யாது செய்வது என்பது அனல்மின் நிலையம் உள்ள இடமெங்கும் எழும் வினா. அது செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுதல் பலரும் அறிந்ததே. அதனை அலுமினியத்தோடு கலந்து இயந்திர உறுப்புகள் வார்க்கலாம் என்பதை அறிந்தோர் சிலரே. அது பற்றிய என் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. இரும்பைப்போல் துருவேறி உதிராதது. ஆயினும் மென்மையுடையதாதலின் உராய்வுக்கு ஆற்றாது. எஃகோடு உராயுங்கால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போம். இக்குறை நீங்கவே, 660 பாகை வெப்பத்தில் உருகும் அவ்வுலோகத்தைச் சுழலக் கலக்கி, சிலிக்கன் கார்பைடு, அலுமினா முதலிய வன்மையான துகள்களை உள்ளிட்டு வார்க்கின்றனர். 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் என்னும் இங்கிலாந்து நாட்டுக் காரின் பிரேக்குத் தட்டுகள் இத்தகைய கலவையால் ஆயவையே. விலை மிக்க அத்துகள்களுக்கு ஈடாக நிலக்கரிச் சாம்பலை இடலாம் என உழைத்தவருள் முன்னிற்பவர் இந்தியாவிற் பிறந்த பிரதீப் ரோகத்கி ஆவர்.

ஆயின், சாம்பல் இட்டால் தேயாது என்று உடனே முடிவு கட்டுதல் முறையன்று. தேய்மானம் சுமைக்கும் உராயும் தொலைவுக்கும் ஏற்பப் பெருகும், கடினத்துக்கு ஏற்பக் குறையும் என்று 1953இல் ஆர்ச்சர்டு என்பார் ஒரு விதி கூறினார். கலவைப் பொருளில் இவ்விதி எஞ்ஞான்றும் செல்வதில்லை. துகளானது உலோகத்தில் உறுதியாய்ப் பதிந்துள்ளவரை சுமையைத் தாங்கும். சுமை மிகின், உடைந்தோ பெயர்ந்தோ இரு பரப்புக்கும் இடையே மணல்போற் கிடந்து அரைக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதையாம். அன்றியும், அத்துகள் எதிரேயுள்ள எஃகையும் சுரண்டும். சுரண்டிய இரும்பு கலவையின்மேற் படிந்து அதனைக் காத்தலும் உண்டு. கலவையை மட்டும் நிறுத்துப் பார்ப்போன் தேய்வு குறைந்ததென்று மகிழ்வான். எஃகு இழந்ததை அறியான்.

நற்றிணைப் புலவர் ஒருவர், இருபுறமும் யானைகள் பற்றியிழுக்கும் கயிற்றை உவமை கூறித் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனவே பெயர் பெற்றார். கயிறு தேய்ந்ததற்கு ஒரு யானையை மட்டும் பொறுப்பாக்குதல் தகுமோ? தேய்வு என்பது இருவர் வழக்கு. ஒருவர் சொல் மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் நீதியாகாது.

உராய்வு வேறு, தேய்வு வேறு என்பதையும் மறத்தலாகாது. பிரேக்குக்கு உராய்வு வேண்டும், தேய்வு வேண்டா. பிஸ்டனுக்கு இரண்டும் வேண்டா. ஆதலின் சாம்பற்கலவையால் ஓர் உறுப்பு செய்வோர், எவ்வளவு சுமையில், எவ்வளவு தொலைவு ஓடி, கலவை எவ்வளவு இழந்தது, எதிர்ப்பரப்பு எவ்வளவு இழந்தது, உராய்வு எவ்வளவு என்பவற்றை ஒருங்கே வெளியிடல் வேண்டும். சுழலும் எஃகுத் தட்டின்மேல் கலவைக் கோல் ஒன்றை அழுத்திவைத்து இவற்றை அளந்தறியலாம். நம் மாவட்டத்துப் பொறியியற் கல்லூரிகள் நெய்வேலிச் சாம்பலைக் கொண்டு இச்சோதனையை நடத்தி, வார்ப்படத் தொழிலாளர்க்கு முடிவை அறிவித்தல் தக்கது.

தமிழ் பயில்வானுக்கு இஃது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். உலோகம் வார்ப்பவரும் லேத்துப் பட்டறையில் கடைபவரும் பேசுவது தமிழே. ஆராய்ச்சி முடிவுகள் ஆங்கில ஏடுகளிலேயே அடங்கிக் கிடப்பின் அவர்க்கு யாது பயன்? பம்புசெட்டின் உறுப்புத் தேய்ந்தால் கரும்புக்குப் பாயும் நீர் நிற்கும்; பிரேக்குத் தேய்ந்தாலோ உயிருக்கே இடையூறு. அளந்து கண்ட உண்மையை அவர்கள் மொழியில் பிழையற எழுதித் தருதல் தமிழ் மாணவரின் கடமையேயாம். சாம்பலைப் பொன்னென்று புகழவும் வேண்டா. குப்பையென்று தள்ளவும் வேண்டா. இரு பரப்பையும் நிறுத்துப் பார்த்துப் பின்னர் உரைப்போமாக.