பழைய வழியை அடைக்க வேண்டாம்

இயங்குதளத்தின் முகத்தை மாற்றும் நிறுவனம், பழைய முறையில் வேலை செய்யப் பழகியவர்களுக்கு அந்த முறையையும் விட்டுவைக்கக் கடமைப்பட்டது. இந்தக் கடமையைத் தட்டிக்கழித்தால் என்ன நடக்கும் என்பதற்கு, மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபர் 26 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த விண்டோஸ் 8-ஐவிடத் தெளிவான சான்று கிடைக்காது. திரையின் இடது கீழ் மூலையில் 17 ஆண்டுகளாக இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தான் அதில் எடுக்கப்பட்டது. கணினியை இயக்கியதும் வண்ணக் கட்டங்கள் நிறைந்த புதிய தொடக்கத் திரை வந்து நின்றது. அதுவரை விண்டோஸ் என்றாலே நினைவுக்கு வந்த டெஸ்க்டாப், அந்தக் கட்டங்களில் ஒன்றாகச் சுருங்கிப்போனது.

ஸ்டார்ட் பொத்தான் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-உடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1-இல் புரோகிராம் மேனேஜர் என்ற சாளரத்துக்குள் இருக்கும் சிறு சாளரங்களில் வேண்டிய மென்பொருளைத் தேட வேண்டும். புதியவர்களுக்கு இரட்டைக் கிளிக்கே பெரும் சோதனையாக இருந்தது. ஒரு சாளரம் மற்றொன்றின் பின்னால் மறைந்தால், அது காணாமல் போய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். வடிவமைப்பாளர்கள் புதியவர்களையும் அனுபவசாலிகளையும் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்களின் விளைவுதான் ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும்.

அந்தப் பணியைப் பற்றி மைக்ரோசாஃப்டின் கென்ட் சலிவன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இன்றைக்கும் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. புதியவர்களுக்கென்று எளிமையான தனி முகப்பு ஒன்றைத் தரலாம் என்று குழு முதலில் எண்ணியது. சோதித்துப் பார்த்ததும் கைவிட்டது. தேவையான ஒரே ஒரு வசதி அந்த எளிய முகப்பில் இல்லாவிட்டாலும் பயனர் அதை விட்டு வெளியேற வேண்டிவரும். அங்கே கற்றது வழக்கமான முகப்பில் உதவாது. ஒரே கணினியில் இரண்டு விதமான நடைமுறைகளைக் கற்க வேண்டியிருக்கும். இவைதான் குழு கண்ட காரணங்கள். 16 ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம், தானே ஆராய்ந்து ஒதுக்கிய யோசனையைக் கோடிக்கணக்கானவர்கள் மேல் சுமத்தியது.

விண்டோஸ் 8-இல் இரண்டு முகப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. ஒன்று தொடுதிரைக்காக வரையப்பட்டது, மற்றொன்று மவுஸுக்கும் கீபோர்டுக்கும் உரியது. கண்ட்ரோல் பேனல் பழைய இடத்தில் இருக்க, பிசி செட்டிங்ஸ் என்று இன்னொன்று புதிய இடத்தில் வந்தது. எந்த அமைப்பு எதற்குள் இருக்கிறது என்று பயனர் இரண்டையும் துழாவ வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் இரண்டு. டெஸ்க்டாப்பில் ஒரு புகைப்படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ இரட்டைக் கிளிக் செய்தால், கேட்காமலேயே முழுத்திரைச் செயலி ஒன்று திறந்து டெஸ்க்டாப்பை மூடிவிடும். அதை மூடுவதற்கான எக்ஸ் குறி எங்கும் இருக்காது. திரையின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழ்விளிம்பு வரை இழுத்துவிட வேண்டும் என்பது யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும். கணினியை அணைப்பதற்கு, மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய் மறைந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட்டவுன் என்று போக வேண்டும். கணினியை அணைக்கத் தெரியாமல் படித்தவர்களே விழித்தார்கள் என்றால், தவறு அவர்களிடம் இருந்திருக்க முடியாது.

இதில் வேடிக்கையானது சர்வர் பதிப்பு. 2012 செப்டம்பரில் வந்த விண்டோஸ் சர்வர் 2012-இலும் இதே கட்டங்கள், இதே மறைந்த மூலைகள். சர்வரின் முன்னால் அமர்ந்து யாரும் திரையைத் தொட்டு வேலை பார்ப்பதில்லை. நிர்வாகிகள் வேறோர் அறையிலிருந்து, பெரும்பாலும் வேறோர் ஊரிலிருந்து, தங்கள் திரையில் ஒரு சாளரத்துக்குள் அதைத் திறந்துதான் பார்ப்பார்கள். அந்தச் சாளரத்தின் மூலையில் மவுஸை நிறுத்தப் பார்த்தால் அது எல்லையைத் தாண்டி வெளியே வழுக்கி ஓடிவிடும். ஓர் இடைமுகம் யாருக்காக, எந்தச் சூழலுக்காக என்று யாரும் யோசிக்கவே இல்லை என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டாம்.

மாற்றத்துக்கான காரணம் பயனரின் தேவை என்று சொல்ல வழியில்லை. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 நன்றாகவே வரவேற்கப்பட்டிருந்தது. ஆறு மாதங்களில், 2010 ஏப்ரலில், ஆப்பிளின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. டேப்லெட் சந்தையில் பின்தங்கிவிட்ட மைக்ரோசாஃப்டுக்குப் புதிய செயலிகள் வேண்டும். செயலிகளை எழுத நிரலாளர்கள் வேண்டும். நிரலாளர்கள் வர வேண்டுமானால் அவர்களுக்குப் பெரிய சந்தையைக் காட்ட வேண்டும். மேசைக் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் தொடக்கத் திரை வழியாகவே போகச் செய்தால் அந்தச் சந்தை ஒரே நாளில் உருவாகிவிடும். இது வணிகக் கணக்கு. கணக்கு போடுவது நிறுவனத்தின் உரிமை. ஆனால் டேப்லெட் வாங்காத அலுவலக எழுத்தரும் கணக்காளரும் தங்கள் நேரத்தைக் கொடுத்து அதற்கு விலை செலுத்தினார்கள் என்பதே இங்கே குற்றச்சாட்டு.

நிறுவனம் புள்ளிவிவரம் ஒன்றையும் காட்டியது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தபோது ஸ்டார்ட் மெனுவின் பயன்பாடு 11 சதவீதம் குறைந்துவிட்டதாம். மக்கள் அடிக்கடி பயன்படுத்தும் மென்பொருள்களை டாஸ்க்பாரிலேயே பொருத்திக்கொண்டுவிட்டார்களாம். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். எத்தனை முறை கிளிக் செய்கிறார்கள் என்பதை எண்ணலாம். அந்தக் கிளிக்கை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பதை எண்ண முடியாது. மொட்டை மாடிப் படியில் நாளுக்கு இரண்டு முறைதான் ஏறுகிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டுப் படியை இடிப்பவர் எவரும் இல்லை. அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து மென்பொருள்கள் டாஸ்க்பாரில் இருக்கும். எப்போதாவது தேவைப்படுவதற்குத்தான் மெனு, தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமானதும் அதுதான்.

பழையதையும் விட்டுவைப்பது தொழில்நுட்பரீதியாகக் கடினம் என்ற வாதம் இங்கே எடுபடாது. 2011 செப்டம்பரில் நிரலாளர்களுக்கு வழங்கப்பட்ட முன்னோட்டப் பதிப்பில் பழைய ஸ்டார்ட் மெனு உள்ளேயே இருந்தது. விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு மதிப்பை மாற்றினால் அது திரும்பி வந்தது. அந்தத் தந்திரம் பலருக்கும் தெரிந்த பிறகு, அடுத்து வந்த பதிப்புகளில் மெனுவின் நிரலே அகற்றப்பட்டது. வழி தானாக அடைபடவில்லை, வேண்டுமென்றே அடைக்கப்பட்டது.

விளைவுகள் வெளிவர நாளாகவில்லை. விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டு விலகும் அறிவிப்பு, வெளியீட்டுக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் வந்தது. அதே நவம்பரில், பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், அனுபவமுள்ள 12 பேரை வைத்துச் சோதித்து, புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் ஒருசேர ஏமாற்றம் தரும் இடைமுகம் என்று எழுதினார். ஸ்டார்ட் மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் சிறு மென்பொருள்களுக்கு ஒரு தனிச் சந்தையே பிறந்தது. கிளாசிக் ஷெல் இலவசமாகக் கிடைத்தது. ஸ்டார்ட்8-க்கு ஐந்து டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. தயாரித்தவர் பிடுங்கிக்கொண்டதை வேறொருவரிடம் காசு கொடுத்து வாங்கும் நிலை.

2013 மே மாதம், புதிய முறையைக் கற்பது சிரமம் என்பது உண்மையே என்று மைக்ரோசாஃப்ட் நிர்வாகி டாமி ரெல்லர் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 17 அன்று வந்த விண்டோஸ் 8.1-இல் ஸ்டார்ட் பொத்தான் திரும்பியது, மெனு திரும்பவில்லை. பொத்தானை அழுத்தினால் அதே கட்டங்கள்தான். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. நேரே டெஸ்க்டாப்புக்குள் நுழையும் தெரிவு மட்டும் ஆறுதலாக அமைந்தது. 2014 ஜனவரியில் எச்பி நிறுவனம், மக்கள் விருப்பத்துக்கு இணங்கி மீண்டும் என்று சொல்லி விண்டோஸ் 7 கணினிகளை விளம்பரப்படுத்தியது. ஸ்டார்ட் மெனு முழுமையாக வந்து சேர்ந்தது 2015 ஜூலை 29 அன்று, விண்டோஸ் 10-உடன். இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

அந்த மூன்று ஆண்டுகளில் எல்லோரும் ஒரே அளவு துன்பப்படவில்லை. விண்டோஸ் 8 புரோ பதிப்புடன் கணினி வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 7-க்கு இறங்கிக்கொள்ளும் உரிமை உரிமத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வீட்டுப் பதிப்பு வாங்கியவர்களுக்கு அது இல்லை. தொழில்நுட்பப் பிரிவும் பேரம் பேசும் பலமும் உள்ளவர்களுக்குப் பின்வாசல் திறந்திருந்தது; ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் சிறு கடைக்காரருக்கும் முன்வாசல் மட்டும்.

மனிதர்கள் எந்த மாற்றத்தையும் முதலில் வெறுப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள் என்பது வடிவமைப்பாளர்களின் வழக்கமான பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2007-இல் ஆஃபீஸ் மென்பொருளில் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் வந்தபோது எழுந்த முணுமுணுப்பு நாளடைவில் அடங்கியது. விண்டோஸ் 8-இன் உள்ளேயும் நல்லவை இருந்தன: கணினி விரைவாக எழுந்தது, கோப்பு நகலெடுப்பதை நடுவில் நிறுத்தித் தொடர முடிந்தது, டாஸ்க் மேனேஜர் பெரிதும் மேம்பட்டது. இவற்றை எதிர்த்து யாரும் குரல் எழுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயனர்கள் எதிர்த்தது மாற்றத்தைப் பொதுவாக அன்று, தெரிவில்லாத மாற்றத்தை.

இந்த வேறுபாட்டை மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தது. விண்டோஸ் 95 புரட்சிகரமான மாற்றமாக இருந்தும், பழைய புரோகிராம் மேனேஜர் அதனுள் வைக்கப்பட்டிருந்தது. விரும்பியவர் அதையே இயக்கிக்கொள்ளலாம். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி இரு பத்தி ஸ்டார்ட் மெனுவைக் கொண்டுவந்தபோதும், பழைய மெனுவுக்கும் பழைய சாம்பல் நிறத் தோற்றத்துக்கும் மாறும் தெரிவு இருந்தது. விஸ்டாவிலும் பழைய மெனு கிடைத்தது. விண்டோஸ் 7-இல் அது நின்றுபோனது, விண்டோஸ் 8-இல் மெனுவே போனது. தெரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்த இந்த வரிசையைப் பார்த்தால், 2012-இல் நடந்தது திடீர் விபத்தாகத் தெரியாது.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இதே பாடத்தைப் படித்தது. 2011-இல் க்னோம் 3, லினக்ஸ் பயனர்கள் பழகிய டெஸ்க்டாப்பைத் தலைகீழாக்கியது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறினார். ஆனால் அங்கே மூல நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். பழைய க்னோமை எடுத்து மாட்டே என்று சிலர் தொடர்ந்தார்கள்; சினமன் என்று வேறு சிலர் புதியதைப் பழைய வடிவில் அமைத்தார்கள். இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. விண்டோஸ் பயனருக்கு அந்த உரிமை இல்லாததால்தான் தயாரிப்பாளரின் கடமை கூடுகிறது.

பாடம் நிலைக்கவில்லை என்பதை 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11 காட்டியது. டாஸ்க்பாரைத் திரையின் மேலோ பக்கத்திலோ நகர்த்தும் வசதி அப்போது அதில் இருக்கவில்லை. கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் உள்ள மென்பொருள் மீது விடும் வசதியும் போய், அடுத்த ஆண்டுதான் திரும்பியது. சாளரங்களைப் பெயருடன் தனித்தனியாகக் காட்டும் தெரிவு 2023 வரை காத்திருக்க வைத்தது. வலது கிளிக் மெனுவில் பாதி வசதிகள், மேலும் காட்டு என்ற இன்னொரு கிளிக்கின் பின்னால் ஒளிந்தன.

இந்த முறை நெருக்கடி கூடுதலானது. பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமானால் புதிய முகத்தையும் ஏற்றாக வேண்டும் என்ற கட்டு, பயனரின் கையைப் பின்னால் கட்டிவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அண்மைத் தலைமுறை ப்ராசஸரும் இல்லாத கணினிகளுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. வைரஸுக்கு அஞ்சி மேம்படுத்துபவரை, புதிய வடிவமைப்பை விரும்பி ஏற்றவர் என்று நிறுவனத்தின் கணக்கு எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையே அடுத்த மாற்றத்துக்கு ஆதாரமாகவும் காட்டப்படும்.

ஆகவே கோரிக்கைகள் இரண்டு. இடைமுகத்தில் பெரிய மாற்றம் வரும்போதெல்லாம், பழைய இடைமுகம் அந்தப் பதிப்பின் ஆதரவுக் காலம் முழுவதும் ஒரு தெரிவாக உள்ளேயே இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் மூலையில் ஒளித்துவைக்காமல் செட்டிங்ஸில் வெளிப்படையாக இருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களும் தோற்ற மாற்றங்களும் தனித்தனி அப்டேட்களாக வர வேண்டும். முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுக்கப் பயனரால் முடிய வேண்டும். இரண்டு முகப்புகளையும் பராமரிக்கச் செலவாகும் என்பது உண்மை. அந்தச் செலவை இப்போது பயனர்கள் தங்கள் வேலை நேரத்திலிருந்து கொடுக்கிறார்கள். அது தயாரிப்பாளரின் கணக்கில் சேர வேண்டியது.

நிறுவனங்கள் தாமாக இதைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தனிப் பயனரின் கோபம் ஸ்டார்ட் மெனுவை மீட்க மூன்று ஆண்டுகள் எடுத்தது. ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும் அரசுத் துறைகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதினால் அத்தனை காலம் ஆகாது. அடுத்த கொள்முதலிலேயே அவை எழுதப்பட வேண்டும்.